எண் சுரண்டிய வாளி

என் அலுவலக அறைக்குள் நுழைந்ததும் வலக்கைப் பக்கம் ஓர் அலுமினிய வாளி இருக்கும். ஒரு காலத்தில் ரப்பர் பால் சுமந்த வாளி. இப்போது குடை சுமக்கிறது. மழையில் நனைந்து வரும் ஆய்வு மாணவர்கள் குடையை அதில் சொருகிவிட்டு உட்காருவார்கள். உட்கார்ந்த பிறகு பாதிப் பேருக்காவது பார்வை அதன் மேல் போகும். வாளி முழுவதும் பால் கறை ஏறிக் கறுத்திருக்க, பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் பளபளவென்று சுரண்டப்பட்டிருக்கும். அங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். ஒரு நம்பர் இருந்தது என்பேன். என்ன நம்பர் என்று மேலும் கேட்டால் பேச்சை அவர்களுடைய ஆய்வேட்டின் பக்கம் திருப்பிவிடுவேன். ஆய்வேடு என்றதும் அவர்களுக்கு வாளி மறந்துவிடும்.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுத் துணை நூலகர். நான் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன் என்றுதான் என் அம்மா கடைசிவரை நம்பியிருந்தார். எனக்கும் விளக்கிச் சொல்ல வராது. ஆய்வு செய்பவர்களுக்கு வேண்டிய கட்டுரைகளைத் தேடிக் கொடுப்பேன். மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்தக் கற்றுத் தருவேன். எதைக் கொடுத்தாலும் அச்சிடும் போலி ஆய்விதழ்களிடம் அவர்கள் சிக்காமல் பார்த்துக்கொள்வேன். கடைசியில் ஆய்வேட்டைச் சரிபார்த்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவேன். இதையெல்லாம் நன்றாகவே செய்கிறேன். தன்னடக்கத்துக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. யாராவது வந்து எதையாவது கேட்டு, அது எனக்குத் தெரியாவிட்டால், “தெரியாது, தேடித் தருகிறேன்” என்பேன். இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது. தெரியாது என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்பிவைக்கிற நூலகரை நான் நூலகராக மதிப்பதில்லை.

அந்த வாளி என்னிடம் வந்ததற்குக் காரணம் டீச்சர். பெயர் வேண்டாம், டீச்சர் என்றே இருக்கட்டும். கோலா பிலாவுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பால்வெட்டுப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வந்தார். முப்பத்தொரு பெண்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, இருந்தவர், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். ஆகவே டீச்சர் வளர்ந்தது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அல்ல, ஆபீசுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில். இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்றுப் பொறுத்தால் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பில் வரும் எண்களையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எது மாற்றியது, எது மாற்றாதது என்று கேட்டால் சொல்லமாட்டேன். தொழில் புத்தி.

டீச்சர் போல ஒழுங்காக வேலை செய்த ஆய்வாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒவ்வொரு பதிவும் தனிக் கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒப்புதல் படிவம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கட்டைவிரல் ரேகை. சனிக்கிழமை காலையில் பிலாவிலிருந்து காரோட்டி வந்து, கொண்டுவந்த இட்லியை எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, கணினியின் முன் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருவார். மேற்பார்வையாளரின் ஒப்புதல், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், வாய்மொழித் தேர்வு எல்லாம் முடிந்தன. கொடுக்க வேண்டிய கால நீட்டிப்புகளையெல்லாம் பல்கலைக்கழகம் கொடுத்து ஓய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு களஞ்சியத்தில் ஏறாவிட்டால் அவருடைய பதிவே ரத்தாகிவிடும். புதன்கிழமை காலையில் கோப்பு என் கைக்கு வந்தது. பக்க ஓரங்களைச் சரிபார்க்கிற சாதாரண வேலை என்று நினைத்துத்தான் திறந்தேன்.

பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அது சரிதான், படிவத்தில் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். பெயருக்குப் பதிலாக ‘நெரை 8’, ‘நெரை 14’, ‘நெரை 27’ என்று போட்டிருந்தார். நெரை என்பது ஒரு பெண்ணுக்கு என்று ஒதுக்கிய மர வரிசை. அதே எண்ணைத்தான் அவளுடைய வாளியில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருப்பார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்த எண்ணைச் சொல்லித்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கூப்பிடுவார். நெறிமுறைக் குழுவில் இருந்தவர்களுக்கு அது வெறும் எண். நான் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எனக்கு அது பெயர்.

நெரை 27-இன் பேட்டி பதினோரு பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த தன் பிள்ளையைத் தன் அம்மாவே பெற்றதாகச் சொல்லி வளர்த்த கதையை அதில் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை இன்றைக்கும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. வாழ்க்கையில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொல்வதாகவும் சொல்லியிருந்தார். ஆய்வேடு தமிழில் எழுதியது. தோட்டத்து ஆட்களுக்குக் கைபேசிக் குழு இருக்கிறது. நம் டீச்சர் எழுதியது என்று யாராவது ஒருவர் அதில் போட்டால் அன்றைக்கே எல்லோரும் படிப்பார்கள். இருபத்தேழு யார் என்று கேட்கவேண்டிய தேவை அங்கே ஒருவருக்கும் இருக்காது.

டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேர் பார்த்து ஒப்புக்கொண்டதை, இரண்டு நாள் இருக்கும்போது நான் எப்படி நிறுத்தலாம் என்றார். அப்பாவின் பெரட்டுப் புத்தகத்தில் இருந்த எண்களைத்தானே போட்டிருக்கிறேன் என்றார். “நம்பர் பேரில்லைத்தானே, தங்கச்சி?” கிராணி வீட்டுப் பிள்ளைக்கு அது புத்தகத்தில் இருந்த எண். நான் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என்னை ‘நாப்பத்தாறு மவ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா இறந்த அன்று லயத்துக்கு லயம் போன செய்தி, நாப்பத்தாறு போயிட்டாங்க என்பதுதான். அடையாள அட்டையில் இருந்த பெயரைச் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்திருக்காது. டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, “நான் பிழை விட்டுட்டன்” என்றார்.

அன்று மத்தியானம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருவர் கண்ணிலும் படாதது என் கண்ணில் பட்டுவிட்டதே. எண்களையெல்லாம் கலைத்துப் போட்டு மாற்றிவிடலாம் என்றேன். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை புது எண்கள், ‘நெரை’ என்ற சொல்லும் வேண்டாம். மாலைக்குள் நானே மாற்றி முடித்தேன். இருபத்தேழாம் நம்பருக்கு ஒன்பது விழுந்தது. ஆனாலும் ஒப்புதல் கொடுத்தவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுவது முறையில்லை. கேட்டால் அவர் பேட்டியையே எடுத்துவிடச் சொல்லலாம், அது அவருடைய உரிமை. எடுத்தால் ஓர் அத்தியாயமே விழுந்துவிடும், வெள்ளிக்கிழமைக்குள் எழுந்து நிற்காது. டீச்சருக்கும் இது தெரியும். தெரிந்தும், “போவம்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நான் மறக்கமாட்டேன்.

வியாழக்கிழமை காலையில் போனோம். தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய லயத்தில் நாலைந்து வீடுகளில்தான் ஆள் இருந்தது. இருபத்தேழாம் நம்பர் அம்மா தண்ணீர்க் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டிய, உலர்ந்த, நேரான உடம்பு. டீச்சர் தன் தவற்றைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். நான் இருக்கிற வழிகளைச் சொன்னேன். பேட்டியை எடுத்துவிடலாம், அல்லது ஆய்வேட்டை ஐந்து வருடம் யாரும் திறக்க முடியாமல் பூட்டி வைக்கலாம். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாப்பது வருசம் நான் பூட்டி வெச்சது பத்தாதா? நீ வேற பூட்டணுமா?” என்றார். “சொன்னது சொன்னதுதான். அது இருக்கட்டும். நான்னு தெரியாம இருந்தா போதும்லா.”

எனக்கு உயிர் வந்தது. கொண்டுபோயிருந்த பக்கங்களை எடுத்துக் காட்டினேன். அதுவும் யோசித்து வைத்திருக்கிறோம், இனி நீங்கள் இருபத்தேழு இல்லை, ஒன்பது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“ஒம்பதா? அவ செத்து மூணு வருசம் ஆச்சு. புள்ள இல்லாதவ. எம் புள்ளைய கொண்டுபோயி அவ தலையில கட்டிட்டியா? அவ வந்து, நான் இல்லன்னு சொல்லுவாளா?”

ரெம்பாவ் தோட்டத்தில் பிறந்தவள், நாப்பத்தாறு மவ, ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள். என் காது சுட்டது. ‘நெரை’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தோட்டத்தில் எந்த எண்ணைப் போட்டாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். முப்பத்தொரு பேருடைய கதைகளை எடுத்து வேறு முப்பத்தொரு பேர் தலையில் ஒரே மத்தியானத்தில் கட்டியிருக்கிறேன், அதுவும் பெருமையோடு. டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என் முதுகில் கை வைத்தார்.

வழி சொன்னதும் அந்த அம்மாதான். நம்பரும் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம், எந்தப் பேரை வைத்தாலும் அந்தப் பேரில் ஒருத்தி இருப்பாள் என்றார். “ஊரு பேரா வை. ஊருக்காக யாரு சண்டைக்கு வரப்போறா?” தோட்டத்து லோரியில் ஒரு தடவை சி ரூசா கடற்கரைக்குப் போனதை நினைவுபடுத்திக்கொண்டு, போய்ப் பார்த்த ஊர், பார்க்காத ஊர் என்று விரல் விட்டு எண்ணினார். தனக்கு வேண்டிய ஊரையும் அவரே எடுத்துக்கொண்டார். அது எது என்று இங்கே எழுதப்போவதில்லை.

திரும்பி வரும் வழி முழுவதும் டீச்சர் காரோட்ட, நான் சாலைப் பலகைகளைப் படித்துப் படித்து எழுதிக்கொண்டு வந்தேன். தெராச்சி, உலு பெண்டுல், பாரோய். மலைப்பாதையில் பலகைகள் குறைந்தபோது டீச்சர் தன் மனத்திலிருந்து சொன்னார். சிரம்பான் வருவதற்குள் முப்பத்தொரு ஊர் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அவர் வந்துவிட்டார். எங்கே எண் வந்தாலும் ஊர், எங்கே ஊர் பொருந்தவில்லையோ அங்கே வாக்கியத்தையே மாற்றுவது, பிள்ளைகளின் எண்ணிக்கை, தோட்டத்து டிவிஷன் பெயர், வாளியோடு பெண்கள் நிற்கும் படம் எல்லாவற்றையும் எடுப்பது. நான் படிக்க, அவர் திருத்த, பிறகு அவர் படிக்க, நான் திருத்தினேன். அன்றைக்கு இட்லியை யாரும் தொடவில்லை. நாலே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினேன். களஞ்சியத்தில் ஆய்வேடு தெரிந்ததும் டீச்சர் மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். நானும் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பட்டம் வாங்கிய பிறகு டீச்சர் ஆளுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது அவர் கையில் இந்த வாளி இருந்தது. அந்த அம்மா எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பால் வெட்டுகிற கத்தியாலேயே எண்ணைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தாராம். டீச்சர் இப்போது ஓய்வு பெற்று மகளோடு போர்ட்டிக்சனில் இருக்கிறார். எந்த ஊர் யாருடையது என்ற பட்டியல், விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும், எங்கள் இருவர் முன்னிலையில் அழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு ஆய்வாளரிடமும், நீங்கள் மறைத்திருப்பதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய்க் காட்டிவிட்டு வருவார்கள்.

போன வருட மழையில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், சிரம்பானில் வேலை. குடையை வாளியில் சொருகிவிட்டு உட்கார்ந்தார். டீச்சரின் ஆய்வேட்டை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார், ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. தன் அக்காவும் அதில் பேசியிருப்பதாகவும், எது அக்கா என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

“ரெண்டு தடவ படிச்சிட்டேங்க. எங்கக்கா நம்பரு இருவத்தேழு. நம்பர போட்டிருந்தா நிமிசத்துல புடிச்சிருப்பேன். நீங்க ஊரா போட்டு வெச்சிருக்கீங்க.”

பட்டியல் அழிந்துவிட்டது என்று சொன்னேன், உண்மைதான். அக்காவிடமே கேட்டுப் பாருங்கள் என்றேன். அக்கா பிடிவாதக்காரி, வாயைத் திறக்கமாட்டாள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எவ்வளவு பிரியம் என்று தெரிந்தது. பிறகு பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“எங்கக்கா எதுவா வேணா இருக்கட்டும். ஆனா இந்தம்மா கததான் மனசுல நிக்குது. பெத்த புள்ள அக்கான்னு கூப்புட, கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. எப்படிங்க முடிஞ்சிச்சி?”

அவர் விரல் வைத்திருந்த ஊரின் பெயரைப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். குடையை எடுக்கக் குனிந்தவர் வாளியின் சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தோட்டத்துப் பிள்ளை அல்லவா, பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“இது என்னா நம்பரு வாளிங்க?”

“தெரியலீங்க” என்றேன்.

தேடித் தருகிறேன் என்று சேர்த்துச் சொல்லவில்லை.