மில் சத்தம் நின்றபோது

ராஜபாளையத்தில் என் மாவு மில்லுக்கும் கன்னியர் மடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். ஒருநாள் மாலை, மனைவியை மெசினைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அரைத்த மிளகாய்த்தூளைக் கொடுக்க மடத்துக்குப் போனேன். சிஸ்டர்கள் மண்டியிட்டு மௌன ஜெபத்தில் இருந்தார்கள். உள்ளே கேட்டதெல்லாம் என் மெசின் சத்தம்தான். கூனிக் குறுகித் திரும்பினேன்.

மறுநாள் அதே நேரத்தில் மெசினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மடத்துத் தலைவி மதர் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாய், ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன் மதர். ஒங்க ஜெபத்துக்கு எடைஞ்சலா இருக்கேன்னுதான் நிறுத்துனேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. "போன வருசம் நெஞ்சு வலிச்சு, மெசின நிறுத்திட்டு நீங்க இங்கன விழுந்தப்போ, சத்தம் நின்னது எங்களுக்குக் கேட்டுச்சு. ஜெபம் முடியட்டும்னு இருந்துட்டோம். பொறவு ஒங்க சம்சாரம் அலறுன சத்தந்தான் கேட்டுச்சு. அன்னையிலருந்து ஜெபத்துலயும் எங்க ஒரு காது இங்கனதான் இருக்கு."

மதர் படியிலிருந்து எழுந்தார்.

"மெசினப் போடுங்க பாய். நாங்க போயி ஜெபம் பண்ணணும்."

சுவிட்சைப் போட்டேன். தொந்தரவு என்று நான் நினைத்த சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம், நான் உயிரோடு இருக்கும் சத்தமாக இருந்திருக்கிறது.