நேத்து என்ன கறி?

போன வியாழக்கிழமை காலை, ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில், ஒரே ஒரு வார்த்தையால் ஒரு பெண் குழந்தையை அழ வைத்தேன்.

திட்டவில்லை. அடிக்கவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டேன்.

முப்பத்தொரு வயதில், நாலு வயது மகளை வைத்துக்கொண்டு பி.எட். சேர்ந்தவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். (சேரலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் இந்தப் பத்தியிலேயே புலம்பியிருக்கிறேனே!) இப்போது கற்பித்தல் பயிற்சி. திண்டுக்கல்லிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி. அன்று என் வகுப்பைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதிப்பெண் போடுகிற வகுப்பு.

பாடம் – ஊட்டச்சத்துகள். பாடக்குறிப்பு நோட்டில் 'ஆர்வமூட்டல்' என்று ஒரு கட்டம் உண்டு. பாடத்துக்குள் நுழையும் முன் பிள்ளைகளை இழுக்க ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள்?' என்று அழகாக எழுதி வைத்திருந்தேன்.

வாயில் வந்தது வேறு.

"நேத்து உங்க வீட்டுல என்ன கறி?"

நான் நாகர்கோவில் பக்கம். எங்களுக்குச் சோற்றோடு சேர்கிற எல்லாமே கறிதான் – அவியலும் கறி, கீரையும் கறி. திண்டுக்கல்லில் அதற்கு வெஞ்சனம் என்று பெயர். இங்கே கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி மட்டும்தான். கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் இதுகூடத் தெரியாதா? தெரியும். ஆனால் பதறினால் என் நாக்கு பஸ் ஏறிப் பிறந்த ஊருக்குப் போய்விடுகிறது... என்ன செய்ய?

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து கறி இல்ல டீச்சர்!" என்றான் முதல் பெஞ்ச் அந்தோணி.

"ஒண்ணுமே இல்லாமலா சோறு சாப்பிட்ட?"

"ரசம் ஊத்தித் தின்னேன். நேத்து சாம்பல் புதன்ல டீச்சர்!"

அப்போதுதான் உறைத்தது. ஊரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். முந்தின நாள்தான் தவக்காலம் தொடங்கியிருக்கிறது. அன்று அந்த வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். நானோ வீடு வீடாக என்ன கறி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்!

பேச்சை மாற்றுவதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஜெனி எழுந்துவிட்டாள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிற பிள்ளை.

"எங்க வீட்டுல ஆட்டுக்கால் சூப்பு டீச்சர்."

"ஏய்ய்..." மொத்த வகுப்பும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ஏலே, சாம்பல் புதனன்னிக்கு சூப்பு குடிச்சிருக்காடா! ஏ ஜெனி, ஒனக்கு இந்த வருசம் புதுநன்மை கெடையாது. ஃபாதர்ட்ட சொல்றேன் இரு!" – அந்தோணிதான்.

புதுநன்மை என்பது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விசேஷம். அதற்கு வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று என்று ஜெனி என்னிடமே இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

"எனக்குக் காய்ச்சலு... அம்மாதான் குடுத்துச்சு..." பெஞ்சில் கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள்.

இப்போது என்ன செய்வது? நோட்டில் அடுத்த கட்டம் 'பாட அறிமுகம்'. அழுகைக்குக் கட்டம் இல்லை. பாடத்தைத் தொடர்ந்தால் மதிப்பெண் கிடைக்கும். நிறுத்தினால்? பேராசிரியர் வேறு பேனாவைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

'அதெல்லாம் பாவமில்லை' என்று சொல்லிவிடலாமா? சொல்ல நான் யார்? என் கோயில் வேறு, அவள் கோயில் வேறு. நான் ஒன்று சொல்லி, அது தப்பாக இருந்து, பிள்ளை அதை நம்பி... மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நாலு பேரிடம் கேட்டுவிட்டு, அப்புறமும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவள் நான்.

சாக்பீஸை வைத்துவிட்டு ஜெனி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க. காய்ச்சக்காரங்களும் கறி சாப்பிடக் கூடாதா?"

ஜெனிக்குப் பின் பெஞ்ச் சகாயமேரி மெதுவாக எழுந்தாள். "ஞாயித்துக்கெழம மறைக்கல்வியில சிஸ்டர் சொன்னாங்க டீச்சர். ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கெடையாதாம்."

"பொய்யி!" என்றான் அந்தோணி.

"பொய்யில்ல. பதினாலு வயசுக்குக் கீழ இருக்கவங்களுக்கே கெடையாதாம். நீதான் அன்னிக்கு வெளிய வெளாண்டுக்கிட்டு இருந்த."

அந்தோணி வாயைப் பிளந்தான். "அப்ப நேத்து நான் வெறும் ரசஞ்சோத்தைச் சும்மாவா தின்னேன்?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஜெனி தலையைத் தூக்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வேணும்டா ஒனக்கு" என்றாள்.

யார் யாருக்கு விலக்கு என்று பிள்ளைகள் வாதாடி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கரும்பலகையில் பாடத்தின் தலைப்பு மட்டும் இருந்தது.

பேராசிரியர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்: 'பாட நோக்கம் நிறைவேறவில்லை. மாணவர் பங்கேற்பு மிக நன்று.'

இது பாராட்டா, குட்டா? பஸ்ஸில் வரும்போது குட்டு என்று தோன்றியது. மகளுக்கு இட்லி ஊட்டும்போது பாராட்டு என்று தோன்றியது. கணவரிடம் காட்டினேன். "ரெண்டும்தான் எழுதியிருக்காரு" என்றார். இவரிடம் கேட்டிருக்கவே வேண்டாம்.

மறுநாள் காலை பள்ளிக்கூட கேட்டில் ஜெனியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறாரோ?

"நீங்கதான் அந்தக் கறி டீச்சரா?"

"ஆமாக்கா... நான் வேணும்னு கேக்கல—"

"அட, அதுக்கில்ல டீச்சர். புள்ள வந்து, 'யம்மா, நாம தப்புச் செய்யலயாம்'னு சொல்லுச்சு. எனக்கு அம்புட்டு நிம்மதி! மூணு நாளாக் காய்ச்சலு, வாயில ஒண்ணும் எறங்கல. மனசு கேக்காமக் குடுத்துட்டேன். குடுத்ததுலருந்து நெஞ்சு திக்கு திக்குன்னு கெடந்துச்சு. ஃபாதர்ட்ட கேக்கவும் பயம். எங்க அத்தைகிட்ட சூப்புன்னே சொல்லலியே, பருப்புத் தண்ணின்னுல்ல சொன்னேன்!"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். பிள்ளை பிறக்கும்போதே இந்தத் 'திக் திக்'கும் இலவச இணைப்பாக வந்துவிடுகிறதோ? செய்தாலும் தப்போ, செய்யாவிட்டாலும் தப்போ...

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குத் தவக்கால வெள்ளிக்கெழம, இன்னிக்கும் கறி ஆகாது. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா இன்னும் தெம்பு வரல. மத்தியானத்துக்கு ஒரு அவிச்ச முட்ட குடுத்தனுப்பலாம்னு பாத்தேன். முட்ட கறியா, இல்லையா டீச்சர்?"

யோசித்தேன். அப்படியும் யோசித்தேன், இப்படியும் யோசித்தேன்.

"செத்த இருங்கக்கா" என்றேன். "ஆறாம் வகுப்புல கேட்டுட்டு வாரேன்."

அவர் சிரிக்கவில்லை. கேட் ஓரமாக ஒதுங்கிக் காத்து நின்றார்.