விசில் என்று நினைத்தது

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் துறைக்கென்று ஒரு மியூசியம் உண்டு. கண்ணாடி அலமாரிகளில் காலாவதியான ஊசி மருந்துகள், காலி மாத்திரை அட்டைகள், எட்டிக்கொட்டை, ஊமத்தங்காய். வேலூர் வெயிலுக்கு அங்கே மின்விசிறி ஓடுவது ஒன்றுதான் மாணவர்களுக்குப் பிடிக்கும். பரீட்சை நெருங்கினால் மட்டும் ஓடி வந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் அலமாரிகளைத் திறந்துவிட்டு, தொட்டுப் பார்க்காமல் யாரும் வெளியே போகக் கூடாது என்றேன்.

ஒரு நாள் ஆஸ்துமா மருந்துகள். சின்ன பிளாஸ்டிக் கருவிக்குள் கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகினால் அது உடையும். உள்ளிருக்கும் பொடியை வாயால் இழுக்க வேண்டும். செய்து காட்டிவிட்டுக் கருவியைக் கை மாற்றினேன். ஆம்பூர் மாணவி ஒருத்தி வாங்கியவள் திருப்பித் தரவே இல்லை.

"என்னம்மா, அவ்வளவு பிடிச்சுப் போச்சா?" என்று சீண்டினேன்.

"எங்க வீட்ல இது இருந்துச்சு மேடம். விசில்னு நெனச்சு ஊதி வெளையாடுவேன். அம்மா அந்த மாத்திரைய தண்ணி ஊத்தி முழுங்கும். இப்பவும் முழுங்குது."

சிலர் சிரித்தார்கள். நான் முறைத்ததும் அடங்கிவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தார். ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை. மாடி ஏறியதற்கே இழுத்தது. அவர் கொண்டுவந்த கேப்ஸ்யூலையே மகள் கருவியில் போட்டுக் கொடுத்தாள். "மூச்ச முழுசா வெளிய விடும்மா. இப்ப பலமா இழு. அப்டியே அடக்கு." இருமினார். கொஞ்ச நேரத்தில் தோள்கள் தணிந்தன. பேச்சு திக்காமல் வந்தது. எனக்கு மனசெல்லாம் சந்தோஷம்.

அவர் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ அப்பாவுக்கும் இதே மாத்திரதான் டாக்டரம்மா. தோல் கம்பெனில இருந்தாரு. கடைசி அன்னிக்கு இழுப்பு ஜாஸ்தியாய்ட்ச்சு. நான்தான் மடியில சாச்சி முழுங்க வெச்சேன். அது நெஞ்சுக்குப் போயிருக்காது, இல்ல?"

மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் ஒரே ஒரு தடவை செய்து காட்டியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை அந்த அம்மாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆறுதலாக ஏதாவது பொய் சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"போயிருக்காதும்மா. உனக்கு யாரும் செஞ்சு காட்டல."

அந்த அம்மா அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருவியை மகளிடம் நீட்டினார்.

"இன்னொரு தபா காட்டு."