அண்ணி பெயரில் வந்த மெயில்

எங்கள் ஆஸ்பத்திரியில் நான் உட்பட எண்பது நர்ஸ்களுக்கு டூட்டி லிஸ்ட் போடுவது என் அண்ணி. 'லிஸ்ட் அக்கா' என்பார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே வழக்கம்: ஒரு பெயரை மாற்றினால்கூட, அந்த நர்ஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் மெயில் அனுப்புவார். யார் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை, யார் பிள்ளைக்குப் பரீட்சை, எல்லாம் மனப்பாடம். வாய் கொஞ்சம் நீளம். திட்டிக்கொண்டேதான் லீவு கொடுப்பார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அவர் முகவரியிலிருந்து நர்ஸ்கள் எல்லோருக்கும் ஒரு மெயில். அடுத்த மாத லீவு அத்தனையும் ரத்து. பொய்க் காய்ச்சல்காரிகள் பட்டியல் நிர்வாகத்துக்குப் போகிறது. யாருக்கும் போன் வரவில்லை. அது யாருக்கும் உறைக்கவும் இல்லை. மறுநாள் காலை, அவரைத் தூக்கச் சொல்லி மனு, முப்பத்தோரு கையெழுத்து. நிர்வாகி கூப்பிட்டுக் காட்டியபோதுதான் அண்ணிக்கே விஷயம் தெரியும். நான் அனுப்பவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். முகவரி உங்களுடையதுதானே என்று சொல்லி வேலையைப் பிடுங்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பார்க்கிறவர் மூன்று நாள் கழித்துத்தான் மெனக்கெட்டார். கடித உறையில் அனுப்புநர் என்று எவன் பெயரையும் எழுதலாம் இல்லையா, மெயிலிலும் அப்படி முடியுமாம். இது கிளம்பியது ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து. அங்கிருந்த கிளார்க்குக்கு அண்ணியின் நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண். பாவி, தினமும் கூட உட்கார்ந்து டீ குடித்தவன். தண்டனை என்ன தெரியுமா? வேறு கிளைக்கு மாற்றல். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நர்ஸ்கள் அறையில் ஒவ்வொருத்தியாக மன்னிப்புக் கேட்டோம்.

"இத்தனை வருஷமா போன் பண்ணாம ஒரு மெயில் போட்டிருக்கேனா? ஒருத்திக்காவது என்னைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு தோணலையா?"

லிஸ்ட் வேலை வேண்டாம், நர்ஸாக வார்டுக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு நேரம் கிளார்க்கைத் திட்டினேனே, என்னை யார் திட்டுவது? ஒரே வீடு, அவர் கீழே, நான் மாடியில். மெயில் வந்த அன்று சாயங்காலம், என் லீவும் போயிற்றே என்ற ஆத்திரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டி மாடியேறினேன். ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன கேடு?

எழுதிக் கொடுத்த அன்று இரவு அண்ணி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஏன் வேண்டாமென்றீர்கள் என்று கேட்டேன்.

"மனுவைக் காட்டினாங்க. உன் கையெழுத்தப் பாத்தேன். அதுக்கப்புறம் மத்த பேரைப் படிக்கல."