வயசு என்றொரு சாக்கு

இருபத்தெட்டு வயதில் எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. காளவாசலில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அடங்காது. சில துடிப்பு வேகமாக ஓடும், ஒன்று தவறும், பிறகு மொத்தமாக அடித்துக்கொள்ளும். எங்கள் தெருமுனை டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே இல்லை. இந்த வயதில் இதயத்துக்கு என்ன வரப்போகிறது, பிள்ளை இல்லாத கவலைதான் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அவருடைய பட்டங்களை எழுதவே போர்டில் இரண்டு வரி தேவைப்பட்டிருந்தது.

மாமனாருக்கு அந்தத் தீர்ப்பு தேனாக இனித்தது. அறுபத்தைந்தைத் தாண்டியவர். ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தொடமாட்டார். கருவாட்டுக் குழம்பில் மேற்கொண்டு உப்பைத் தூவிக்கொள்வார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கேட்டால் வயசு என்பார்.

நான் இளைத்துக்கொண்டே போனதால் என் கணவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நான் நடிக்கிறேன் என்று டாக்டர் சொல்வதைக் கேட்க மாமனாரும் கிளம்பி வந்தார். அங்கிருந்த பெண் டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார், விரல்களை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுக்க அனுப்பினார். அடுத்த முறை போனபோது, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, இளவயதிலும் துடிப்பு தாறுமாறாவதற்கு இது ஒரு காரணம், மருந்தில் அடங்கும் என்றார். அன்றும் மாமனார் வந்திருந்தார். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து டாக்டர் நாடி பிடித்தார், உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

"ஐயா, உங்க துடிப்பும் ஒழுங்கா இல்ல. வயசு கூடக் கூட இது வர வாய்ப்பும் கூடும். கொதிப்பையும் கவனிக்காம விட்டா கேக்கவே வேணாம். வயசக் குறைக்க முடியாது, கொதிப்பக் குறைக்கலாம். இல்லன்னா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிரும்."

"எனக்கு வயசாகுது தாயி, அம்புட்டுத்தான். நோயெல்லாம் இல்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். பொம்பள டாக்டருக்கு என்ன தெரியும் என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சில மாதங்களில் என் படபடப்பு அடங்கியது. பொங்கலுக்கு முந்தின வாரம் மாமனாருக்கு வலது கை விழுந்தது, வாய் கோணியது. ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த சொந்தங்கள் ஒருவர் விடாமல், "வயசாயிருச்சுல்ல, என்ன செய்ய?" என்றார்கள். மாமனாருக்குப் பேச்சு வரவில்லை. வந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். கஞ்சி ஊட்டியது நான்தான். பாவமாக இருந்தது என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.