மணல்மேட்டில் உட்கார்ந்தோம்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது.

செங்கல்பட்டில் மிஷன் பள்ளி வாத்தியாரின் மகள் நான். அப்பாவின் தலைமுறைக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை செய்தவர்கள். நான் தாவரவியல் படித்துவிட்டு, மெட்ராஸில் கட்டடங்களுக்குப் பிளான் போடும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்தையும் மரங்களையும் வடிவமைப்பதற்கு வெளிநாட்டில் தனிப் படிப்பே இருக்கிறது என்று ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "மண்ண வுட்டு வெளிய வர்றதுக்கு ஒங்கப்பா எவ்ளோ பாடுபட்டாரு! நீ திரும்பவும் அதுலயே போய் வுழறியே" என்று தினமும் சண்டை.

அந்தச் சமயத்தில் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் கடலோரத்தில் விருந்தினர் விடுதி கட்டினார். அதன் தோட்டத்துக்குப் பிளான் போடும் வேலை என்னிடம் வந்தது. விடுதிக்கும் கடலுக்கும் நடுவே தாழம்புதர் மூடிய மணல்மேடு ஒன்று இருந்தது. அதை அப்படியே விட்டு, அதன் மறைவில் தோட்டம் வருவதுபோல வரைந்தேன். விடுதி முதலாளியும் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் ஒரு வாரம் கழித்து, விடுதியிலிருந்து கடல் தெரியட்டும் என்று மேட்டை வெட்டித் தரைமட்டமாக்கிப் புல்தரை போடப்போகிறார்கள் என்று தகவல் வந்தது.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மாவும் கூடவே வந்தார்.

நாங்கள் போனபோது ஆட்கள் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கான்ட்ராக்டர் ஓடிவந்தார். "இன்னாம்மா, வெயில்ல குந்திகினு கீற? எறங்கு."

"முதலாளி வரட்டும்" என்றேன்.

அவர் குரல் மாறியது. "மண்ண வெட்றதுக்குத்தான் ஒங்காளுங்க. மண்ணு எங்க இருக்கணும்னு சொல்றதுக்கு இல்ல. தெரிஞ்சிக்கோ."

நான் இறங்கவில்லை. கீழே நின்ற அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாழைமுள் கீறக் கீற மேலே ஏறி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தினி காலம் நீங்க சொன்னீங்க, நாங்க வெட்னோம். இப்ப எம்பொண்ணு சொல்றா. வெட்டாத."

வேலைக்கு வந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மண்வெட்டிகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

உச்சி வெயிலில் முதலாளி காரில் வந்து இறங்கினார். "இன்னா பேஜாரு இது? ஒனக்கு வேலையே இல்ல, போ" என்று கத்தினார்.

"போறேன் சார். அதுக்கு முன்னாடி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு சிகரெட் பத்த வைங்க" என்றேன்.

வீம்புக்காகவே போனார். கடற்காற்றில் தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மணல் பறந்து முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்தார். முதல் குச்சியிலேயே சிகரெட் பற்றிக்கொண்டது. புகையை விட்டபடி எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இருந்து தொலையட்டும்" என்று மேட்டையும் என்னையும் காட்டிச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மன்னிப்பு, பாராட்டு ஒன்றும் கிடையாது. எனக்கும் அவை தேவைப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அம்மா காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "அந்த மேட்டு மறைவுல இன்னா செடி வெக்கப் போற?" என்று கேட்டார்.

அதன்பின் முப்பது வருஷம் இதே தொழில்தான் செய்தேன். எத்தனையோ பேர் என்னை எத்தனையோ இடங்களிலிருந்து இறங்கச் சொன்னார்கள். ஒருதரம் உட்காரப் பழகியவளை எழுப்புவது அவ்வளவு சுலபமில்லை என்பதை அவர்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.