நிலக்கரித் தூசிக்கு ஒரு கையெழுத்து

வாஷிங்டனில் தொழிலாளர் துறை அமைச்சர் ஹால்ஸ்டெட்டின் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவள் ஓர்லீன், அவருடைய உதவியாளர். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். அவள் மேசை மட்டும் நகராது. பிறந்தது மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கப் பகுதி. அண்ணன் வெர்ஜில் அங்கேதான் கிடந்தான், நிலக்கரித் தூசி நுரையீரலை அடைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. அவனுக்கு இனி விமோசனம் இல்லை. ஆனால் அவன் மகன் டில்லனும் அதே சுரங்கத்தில் இறங்கிவிட்டான். அந்தப் பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சுரங்கத் தூசியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும் விதி தயாராக இருந்தது. சட்டப்படி அதில் கையெழுத்திட வேண்டியவர் ஜனாதிபதி அல்ல, அமைச்சர். ஆனால் அமைச்சரை வீட்டுக்கு அனுப்ப ஜனாதிபதிக்குக் காரணம்கூட வேண்டாம். பேனாவை ஒருவரிடமும் அவர் பிடரியை இன்னொருவரிடமும் கொடுத்துவைத்த ஏற்பாடு அது.

தேர்தல் முடியட்டும் என்று வெள்ளை மாளிகையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"இன்னிக்கு அமைச்சரவைக் கூட்டத்துல நேராவே கேட்டுடுங்க சார். எங்க டில்லன் தினம் அந்தத் தூசியத்தான் முழுங்குறான்."

"கேக்குறேன் ஓர்லீன். கட்டாயம் கேக்குறேன்."

கூட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வழக்கம்போல் அமைச்சர்கள் ஒவ்வொருவராக ஜனாதிபதியின் புகழ் பாடினார்கள். ஹால்ஸ்டெட்டின் முறை வந்தது. "உங்க கீழ வேலை செய்யறதே பாக்கியம்" என்றார்.

திரும்பி வந்தவரை ஓர்லீன் மறித்தாள். "கேட்டீங்களா சார்?"

"நேரம் கிடைக்கல."

"ஜால்ரா போட மட்டும் கிடைச்சுதாக்கும்!"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேர்தலில் ஜனாதிபதி ஜெயித்தார். ஹால்ஸ்டெட்டின் பதவியும் நீடித்தது. தேர்தலுக்குப் பிறகும் வேறு வேறு சாக்குகள். அப்படியே நாலு வருடம் ஓடிப்போனது. இதற்குள் வெர்ஜிலைப் புதைத்துவிட்டார்கள்.

பதவி முடிந்து போகும் அமைச்சருக்கு, அமைச்சரவை மேசையில் அவர் உட்கார்ந்த நாற்காலியை ஊழியர்கள் சேர்ந்து வாங்கித் தருவது அங்கே வழக்கம். முதுகில் பித்தளையில் பெயர் பொறித்திருக்கும். ஓர்லீன் சல்லிக்காசு போடவில்லை. விடைபெறும் நாளில் ஹால்ஸ்டெட் அதில் உட்கார்ந்து கைப்பிடியைத் தடவினார்.

"நான் கையெழுத்துப் போட்டிருந்தா அன்னிக்கே இதுல வேற ஒருத்தன் உக்காந்திருப்பான். உங்களுக்குத் தெரியாததா ஓர்லீன்?"

"உக்காந்திருப்பான் சார். ஆனா உங்க கையெழுத்து நின்னிருக்கும். அதைச் சட்டப்படி அழிக்கிறதுக்கே அவனுக்கு வருஷக்கணக்கா ஆகியிருக்கும்." என்றாள் ஓர்லீன். "நேத்து டில்லனோட எக்ஸ்ரே வந்துச்சு. அவங்க அப்பனோடது மாதிரியே இருக்கு."

கேக் வெட்ட யாரோ கூப்பிட்டார்கள், ஹால்ஸ்டெட் எழுந்து போனார்.